பாராட்டினோம், பாரத்தை இறக்கி வைத்தோமா? நோயுற்ற பெற்றோரைக் கவனிக்கும் பிள்ளைகள் பற்றி ஒரு பாடம்



இந்த இதழின் குடும்ப நலப் பாடத்தை, நம் அறக்கட்டளை செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறோம். அதே தவறு நம் மஹல்லாக்களில் வேறு சில வீடுகளைச் சுற்றி இப்போதும் நடந்துகொண்டிருக்கலாம் என்ற அச்சம்தான் இதை எழுதக் காரணம்.

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒரு வீடு. அத்தாவுக்குச் சென்னையில் ஒரு பிரியாணிக் கடையில் சமையல் வேலை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். அம்மாவுக்கு 40 வயதுகூட நிறையவில்லை. இரத்த அழுத்தம் கூடிப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறுகிறது. மகள் எட்டாம் வகுப்பு; வயது 13. தம்பி ஒன்றாம் வகுப்பு. இன்ன குடும்பம் என்று யாரும் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். பெயரும் சொல்லப் போவதில்லை. 'அந்தப் பிள்ளை' என்றே எழுதுகிறோம்.

ரமலானில் மளிகைப் பை கொடுக்கப் போனபோது அந்தப் பிள்ளைதான் கதவைத் திறந்தது. அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து பையை வாங்கிக்கொண்டது. எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. 'இப்படி ஒரு பிள்ளையைப் பெற என்ன கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்று பேசிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனோம். ஆண்டு விழாவில் அந்தப் பிள்ளையை மேடைக்கு அழைத்து, கேடயமும் 1,000 ரூபாயும் கொடுத்துப் பாராட்டினோம். கூட்டத்தில் இருந்த தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளிடம், "பார்த்தியா, இது பிள்ளை!" என்றார்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள்தான் போயிருந்தது. மாலை மதரஸாவை விட்டே பல மாதங்கள் ஆகியிருந்தன. எங்கள் வீட்டுப் பெண்கள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டபோது அது சொன்ன பதில் இதுதான்: "நீங்க எல்லாரும் மேடையில ஏத்தி நல்ல பிள்ளைன்னு சொல்லிட்டீங்க. இனிமே என்னால முடியலைன்னு யாருகிட்ட சொல்றது?"

நாங்கள் பிள்ளையைப் பாராட்டினோம். அதன் பாரத்தில் ஒரு படியைக்கூட இறக்கி வைக்கவில்லை. எங்கே தவறினோம் என்று தேடியபோது, சமூகப் பணி படிப்பில் சொல்லித்தரும் சில கோட்பாடுகள் உதவின. சமூகப் பணி என்பது இன்று ஒரு கல்வித்துறை. 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் தொடங்கிய சென்னை சமூகப் பணிக் கல்லூரியில் எத்தனையோ பேர் அதைப் படித்து வெளியே வந்திருக்கிறார்கள். அந்தப் பாடங்களில் நான்கை மட்டும் எடுத்து, இந்த ஒரு வீட்டின் மீது வைத்துப் பார்ப்போம்.

யார் இந்தப் பிள்ளைகள்?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். "வீட்டு வேலை செய்வது பிள்ளைகளுக்கு நல்லதுதானே? நாமெல்லாம் தண்ணீர் தூக்கி, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவர்கள்தானே?" என்று பலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பெரியவர் ஒருவர் பொறுப்பில் இருக்க, பிள்ளை கூடமாட ஒத்தாசை செய்வது வளர்ப்பில் ஒரு பகுதி. இங்கே நடப்பது அது அல்ல. பொறுப்பே பிள்ளையின் கையில் இருக்கிறது. அது ஒரு நாள் செய்யாவிட்டால் அம்மா ஈரத் துணியில் கிடக்க வேண்டும், மாத்திரை தவறும், தம்பி பட்டினி. ஒத்தாசைக்கும் பொறுப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இப்படிப்பட்டவர்களை இங்கிலாந்தில் 'இளம் பராமரிப்பாளர்' என்கிறார்கள். அங்கே 2014-ல் வந்த குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம், இப்படி ஒரு பிள்ளை இருப்பது தெரிந்தால் அதற்கு என்ன உதவி தேவை என்று உள்ளாட்சி நிர்வாகம் விசாரித்தாக வேண்டும் என்கிறது. நம் நாட்டுச் சட்டத்தில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பெற்றோர் இருந்தும் அவர்கள் பிள்ளையைக் கவனிக்க இயலாத நிலையில் இருந்தால், அந்தப் பிள்ளையையும் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதைப் படித்ததும், "அப்படியானால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய் விடுதியில் போட்டுவிடுவார்களா?" என்று பயப்பட வேண்டாம். குடும்பத்தோடு இருப்பதே முதல் வழி, விடுதி கடைசி வழி என்று அதே சட்டம் சொல்கிறது.

முதல் பாடம்: பிள்ளையைச் சுற்றியுள்ள வட்டங்கள்

யூரி பிரான்ஃபென்பிரென்னர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1979-ல் ஒரு நூல் எழுதினார். ஒரு பிள்ளையைப் புரிந்துகொள்ள அதை மட்டும் பார்த்தால் போதாது. அதைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக இருக்கும் வட்டங்களையும் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன செய்தி. ஏரிக்கரையில் வாழும் நமக்கு இது சுலபமாகப் புரியும். ஏரியில் தண்ணீர் இல்லை என்றால் ஏரியை மட்டும் குறை சொல்ல மாட்டோம். வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து போய்ப் பார்ப்போம். அப்படியே இந்த வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தோம்.

முதல் வட்டம், பிள்ளை நேரடியாகப் புழங்கும் இடங்கள்: வீடு, வகுப்பறை, மதரஸா, தெரு. வீட்டில் விடியற்காலை நாலரை மணிக்கு அதன் நாள் தொடங்குகிறது. தண்ணீர் பிடித்து, அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றி, உலை வைத்து, தம்பியைக் கிளப்பி, மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போக வேண்டும். மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய்ச் சோறு ஊட்ட வேண்டும். மணி அடித்த பிறகே திரும்ப முடியும். இரவில் இரண்டு முறை எழுந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வட்டம், அந்த இடங்களுக்கிடையே உள்ள தொடர்பு. அடைப்பு இங்கேதான் இருந்தது. பிள்ளை தாமதமாக வருவது ஆசிரியருக்குத் தெரியும். அம்மா படுக்கையில் இருப்பது தெரியாது. மதரஸா உஸ்தாதுக்குப் பிள்ளை நின்றுவிட்டது தெரியும். பெரிய பிள்ளையாகிவிட்டதால் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். அம்மாவின் நோய் அறக்கட்டளைக்குத் தெரியும். பள்ளிக்கூட நிலைமை தெரியாது. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுச் செய்தி இருந்தது. அவற்றைச் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

மூன்றாவது வட்டம், பிள்ளை கால் வைக்காத இடங்கள். ஆனால் அங்கே எடுக்கும் முடிவுகள் அதன் வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன. அத்தா வேலை செய்யும் கடையில் எப்போது விடுமுறை தருகிறார்கள் என்பது அதில் ஒன்று. உடற்பயிற்சி சிகிச்சைக்கு அம்மாவைக் காலை நேரத்தில் அழைத்துப் போக வேண்டும்; அது பள்ளி நேரம். எங்கள் நிர்வாகக் குழுவும் இந்த வட்டத்தில்தான் வருகிறது. எங்கள் குழுவில் அத்தனை பேரும் ஆண்கள். பர்தாவைக் கருதி வாசலில் நின்று பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். அது முறைதான். ஆனால் உள்ளே போய்ப் பார்க்கக் கூடிய பெண்களை அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. வாசல் வரை மட்டும் போகிறவர்களுக்கு வாசல் வரைதான் தெரியும்.

நான்காவது வட்டம், ஊரின் எண்ணங்கள். 'பெண் பிள்ளைதானே, அம்மாவைப் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்?' என்ற பேச்சு. 'வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொன்னால் நாளை மாப்பிள்ளை பார்க்கும்போது பேச்சு வரும்' என்ற பயம். இந்த வீட்டில் மகன் மூத்தவனாக இருந்திருந்தால், பள்ளியை விட்டு நிறுத்தலாமா என்று நாலு பேர் கூடிப் பேசியிருப்போம். மகள் என்பதால், நின்றதுகூடக் கண்ணில் படவில்லை.

இந்த வட்டங்களோடு காலத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார் அந்த அறிஞர். 13 வயது என்பது உடலும் மனமும் மாறும் வயது. அந்த மாற்றங்களைச் சொல்லித்தர வேண்டிய அம்மாவின் நாக்கு குழறுகிறது. இன்னும் இரண்டே வருடத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. இப்போது கோட்டைவிட்டால் பின்னால் ஈடுகட்டுவது கடினம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்கு அந்த வாசலே திறக்காது.

இரண்டாம் பாடம்: பெற்றோர் இடத்தில் அமர்த்தப்பட்ட பிள்ளை

சால்வடார் மினுச்சின் அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களோடு வேலை செய்த மனநல மருத்துவர். 1974-ல் வெளிவந்த நூலில், பெற்றோரின் பொறுப்பைச் சுமக்கும் பிள்ளையைப் பற்றி அவர் பேசுகிறார். பெரிய குடும்பத்திலும், தாய் தகப்பன் வேலைக்குப் போகும் வீட்டிலும் மூத்த பிள்ளை இளையவர்களைப் பார்த்துக்கொள்வது இயல்பு என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அந்தப் பொறுப்பு எதுவரை என்பது பேசித் தீர்மானிக்கப்பட்டிருந்தால், மேலே ஒரு பெரியவர் இருந்தால், பிள்ளை அதில் வளரக்கூடச் செய்யும். எல்லை சொல்லப்படாமல் பெரியவர் விலகிக்கொண்டால்தான் பிள்ளை உடைகிறது.

இந்த வீட்டில் எல்லை பேசப்படவே இல்லை. அம்மாவுக்கு நோய் வந்த வாரம் பிள்ளை சமையலறைக்குள் போனது. இன்னும் வெளியே வரவில்லை. அத்தாவைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சம்பளத்தை அப்படியே வீட்டுக்குத்தான் அனுப்புகிறார். ஆனால் ஃபோன் செய்யும்போதெல்லாம், "நீதாம்மா பார்த்துக்கணும், உன்னை நம்பித்தான் நான் இங்க இருக்கேன்" என்று சொல்லி வந்திருக்கிறார். அன்பாகச் சொன்ன வார்த்தைதான். 13 வயதுப் பிள்ளைக்கு அது ஒரு பூட்டு.

பிள்ளை சுமப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கை வேலை: சமையல், துவைப்பு, மருந்து. மற்றொன்று மனச்சுமை: அம்மா அழும்போது தேற்றுவது, அத்தாவிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று கணக்குப் போடுவது, கடன்காரருக்குப் பதில் சொல்வது. கை வேலை கண்ணுக்குத் தெரியும். மனச்சுமை தெரியாது. மளிகைப் பை இரண்டாவதைத் தொடுவதே இல்லை.

மூன்றாம் பாடம்: பற்றும் இழப்பும்

எங்கள் வீட்டுப் பெண்கள் இரண்டாவது முறை உதவிக்குப் போனபோது அந்தப் பிள்ளை முகம் கொடுத்துப் பேசவில்லை. "எங்க அம்மாவை நானே பார்த்துக்கிறேன், நீங்க போங்க" என்று கதவைச் சாத்தப் பார்த்தது. போனவர்கள் மனம் நொந்து திரும்பினார்கள். ஒருவர், "நன்றி கெட்ட பிள்ளை" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

இதற்கு விளக்கம் ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவரின் ஆய்வில் இருக்கிறது. பிள்ளைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே உள்ள பற்றே பிள்ளை மனத்தின் அஸ்திவாரம் என்று அவர் எழுதினார். ஆபத்து வந்தால் பிள்ளை ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும் இடம் அம்மா. அந்த அம்மாவே ஆபத்தில் இருக்கும்போது பிள்ளை வேறு எங்கே ஓடும்? அது அம்மாவை விட்டு நகராது. பள்ளியில் உட்கார்ந்திருந்தாலும், 'அம்மா விழுந்திருப்பாங்களோ' என்ற எண்ணமே ஓடிக்கொண்டிருக்கும். உதவிக்கு வருகிறவர்கள்கூட அம்மாவைத் தன்னிடமிருந்து பிரிக்க வந்தவர்களாகத் தோன்றும்.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர், இப்படிப்பட்ட வீடுகளில் உள்ள துக்கத்துக்கு 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். மவுத் ஆகிவிட்டால் ஜனாஸா உண்டு, துஆ உண்டு, ஆறுதல் சொல்ல ஊரே வரும். இங்கே அம்மா இருக்கிறார். தலைவாரிவிட்ட அம்மா, வாய் ஓயாமல் பேசிய அம்மா இல்லை. இந்த இழப்புக்கு யாரும் ஆறுதல் சொல்வதில்லை. பிள்ளைக்கே அதை இழப்பு என்று சொல்லக் கூச்சம், ஏனென்றால் 'அம்மாதான் உயிரோடு இருக்காங்களே'.

இதைப் புரிந்துகொண்ட பிறகு எங்கள் பெண்கள் அணுகுமுறையை மாற்றினார்கள். முதல் பத்து நாள் எந்த வேலையையும் கையில் எடுக்கவில்லை. பிள்ளை துணி மாற்றும்போது கூட நின்று, "எப்படிப் புரட்டணும்னு எங்களுக்குக் கத்துக் கொடும்மா" என்று கேட்டார்கள். அது கற்றுக் கொடுத்தது. பதினோராம் நாள், "நீங்க பாருங்க, நான் ஸ்கூலுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றது.

நான்காம் பாடம்: குறையை மட்டும் எண்ணாதீர்கள்

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டென்னிஸ் சாலிபி 1992-ல் வெளியிட்ட தொகுப்பின் செய்தி எளிமையானது: கஷ்டத்தில் இருப்பவரைப் பார்த்ததும் குறைகளைப் பட்டியல் போடாதே, அவரிடம் என்ன இருக்கிறது என்று கேள். அப்படிப் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு மாத்திரைகளின் பெயர், வேளை, அளவு எல்லாம் அத்துப்படி. மாதச் செலவை ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறது. அம்மாவின் குழறல் பேச்சு மற்ற யாருக்கும் புரியாது. பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். அம்மாவிடமும் பலம் உண்டு. இடது கை நன்றாக இருக்கிறது, அறிவு தெளிவாக இருக்கிறது. நாங்கள்தான் அம்மாவிடம் எதையும் கேட்காமல் பிள்ளையிடமே பேசி வந்தோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பலத்தைப் பார்ப்பது வேறு, பலம் இருக்கிறது என்று சொல்லிச் சுமையை ஏற்றுவது வேறு. நாங்கள் மேடையில் செய்தது இரண்டாவது.

மத்யன் கிணற்றடியில் ஒரு முன்மாதிரி

இத்தனை அறிஞர்கள் சொன்னதையும் படித்துவிட்டுக் குர்ஆனைத் திறந்தால், ஸூரத்துல் கஸஸில் 23-ஆம் வசனத்திலிருந்து மூஸா (அலை) அவர்களின் வரலாறு வருகிறது. நாம் பலமுறை ஓதியதுதான். மத்யனின் நீர்த்துறையில் ஆண்கள் கூட்டமாகத் தங்கள் கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள். இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்து நிறுத்திக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்களுடைய தந்தை மிகவும் முதியவர். அந்தக் கூட்டம் முழுவதும் அந்தப் பெண்களைத் தினமும் பார்த்த கூட்டம்தான். பசியோடும் களைப்போடும் வந்த ஒரு வெளியூர்க்காரர்தான் நின்று விசாரித்தார்.

மூஸா (அலை) செய்ததை வரிசையாகக் கவனியுங்கள். முதலில் பார்த்தார். பிறகு, உங்கள் விஷயம் என்ன என்று அவர்களிடமே கேட்டார். காரணம் தெரிந்ததும் புகழ்ந்து பேசவில்லை; அவர்களுக்காகத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் நிழலுக்கு ஒதுங்கி அல்லாஹ்விடம் கையேந்தினார். பிறகு நடந்தது இன்னும் முக்கியம். அந்தப் பெண்களில் ஒருவரே தந்தையிடம், இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள் என்று யோசனை சொல்கிறார். நிலையான தீர்வைச் சொன்னது, சுமையைச் சுமந்த பெண். தந்தை அதைக் கேட்டு நடந்தார்.

பெற்றோருக்குப் பணிவிடை செய்வதன் சிறப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. அது பெரும் பாக்கியம். ஆனால் பருவம் அடையாத பிள்ளையின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்பது அல்பகரா அத்தியாயத்தின் கடைசி வசனம் தரும் பாடம். அல்லாஹ் சுமத்தாததை நாம் ஏன் சுமத்த வேண்டும்? இயலாதவரைக் கவனிப்பது சமுதாயத்தின் மீது பர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் மற்றவர்கள் தப்பிக்கலாம். ஒருவருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். ஜனாஸாவைக் குளிப்பாட்டப் பத்துப் பேர் முன்வருகிறோம். உயிரோடு படுத்திருப்பவரைக் குளிப்பாட்ட ஒரு பிள்ளையைத் தனியாக விட்டிருக்கிறோம்.

என்ன செய்தோம், எது நடந்தது

முதலில் அத்தாவை வரவழைத்துப் பேசினோம். எல்லை பேசப்பட்டது. காலையில் தம்பியைக் கிளப்புவது, மாலையில் அம்மாவுக்கு ஒரு மணி நேரம் துணையாக இருப்பது, இந்த இரண்டு மட்டும் பிள்ளையின் வேலை. அத்தா முதலாளியிடம் பேசி வாரம் ஒரு நாள் ஊருக்கு வருகிறார். "உன்னை நம்பித்தான்" என்று சொல்வதை விட்டுவிட்டு, "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடத்தினாங்க?" என்று கேட்கச் சொன்னோம்.

அடுத்து முறை வைத்தோம். பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டில், ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பொறுப்பைப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு முறை ஆளை மாற்றிய ஊர் நம்முடைய ஊர். ஒரே ஆள் எல்லாவற்றையும் சுமந்தால் எதுவும் நிலைக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்துத் தெருப் பெண்கள் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு பள்ளி நாள். காலையில் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம். கேரளத்தில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண மையத்திலிருந்து வளர்ந்து, மலப்புரம் போன்ற மாவட்டங்களில் சாதாரணக் குடும்பத்துப் பெண்களும் மாணவர்களும் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரம் படுக்கை நோயாளிகளின் வீடுகளுக்குப் போகிறார்கள். 2008-ல் அந்த மாநில அரசு இதற்கென்று ஒரு கொள்கையையே அறிவித்தது.

பள்ளிக்குப் போய் ஆசிரியரிடம் நிலைமையைச் சொன்னோம். இரக்கம் காட்டச் சொல்லவில்லை. விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னோம். பிள்ளையிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சொன்னோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டோம். முறைக்கு வந்த ஐவரில் ஒருவர் மூன்றாவது வாரம் நின்றுவிட்டார். அவர் வீட்டிலும் கஷ்டம். மாற்று ஆள் கிடைக்க ஒரு மாதம் ஆனது. கணக்குப் பாடத்தில் பிள்ளை இன்னும் பின்தங்கியே இருக்கிறது. இரவில் எழுந்திருப்பதை எங்களால் நிறுத்த முடியவில்லை. ஆனால் இப்போது தினமும் பள்ளிக்குப் போகிறது, அல்ஹம்துலில்லாஹ். போன வாரம் மதரஸாவுக்கும் வந்தது.

நீங்கள் தெரிந்து வைக்க வேண்டிய உதவிகள்

1. மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5 முதல் தமிழக அரசு நடத்துகிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவருக்கு வீட்டிலேயே உடற்பயிற்சி சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். இந்த ஒன்றைக் கேட்டிருந்தாலே அந்தப் பிள்ளைக்குப் பல பள்ளி நாட்கள் மிஞ்சியிருக்கும்.

2. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை: பக்கவாதத்தால் கை கால் செயலிழந்தவரும் பரிசோதனைக்குப் பிறகு பெறலாம். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு.

3. மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு: பெற்றோர் நோயால் இயலாமல் இருக்கும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். வருமான வரம்பு உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும்.

4. அன்புக்கரங்கள்: 2025 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம். தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவர் நோயாலோ உடல் குறைபாட்டாலோ கவனிக்க இயலாத பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய். நாம் எழுதிய பிள்ளைக்கு அத்தா இருப்பதால் இது பொருந்தாது. பொருந்தும் வீடு உங்கள் தெருவில் இருக்கலாம்.

5. குழந்தைகள் உதவி எண் 1098: இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம்.

விண்ணப்பம் எழுதவும், அலுவலகத்துக்குக் கூட வரவும் நம் அறக்கட்டளை தயார்.

வீட்டில் உட்கார்ந்து பேச ஐந்து கேள்விகள்

உங்கள் தெருவில் நீண்ட நாள் நோயில் இருப்பவர் யார்? அவரை இரவில் கவனிப்பது யார்? அந்த வீட்டுப் பிள்ளை கடைசியாக விளையாடி எப்போது பார்த்தீர்கள்? அந்தப் பிள்ளையிடம் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்ட நாம், "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டிருக்கிறோமா? வாரத்தில் ஒரு மணி நேரம் நம் வீட்டிலிருந்து யார் போக முடியும்?

கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்தால், ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் வந்து எழுதிவிட்டுப் போங்கள். பெண்களின் பெயரைப் பெண்கள் குழுவிடம் கொடுக்கலாம். இந்த ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குக் கேடயம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தப் பணத்தில் படுக்கைப் புண் வராமல் காக்கும் காற்று மெத்தைகள் வாங்கி, தேவைப்படும் வீடுகளுக்குக் கொடுத்து வாங்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! நோயில் கிடப்பவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களுக்குப் பணிவிடை செய்யும் பிள்ளைகளின் கல்வியையும் பிள்ளைப் பருவத்தையும் காப்பாயாக. பார்த்தும் பாராமல் கடந்து போனதற்காக எங்களை மன்னித்து, அவர்களின் சுமையில் பங்கெடுக்கும் மனதைத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்